கொட்டகைகளுக்கு நடுவே ஒரு வீடு

என் மச்சானுக்கு அலுவலகத்தில் கழுகு என்று பெயர். வீட்டில் நாங்கள் அவனைக் குருடன் என்போம். இரண்டுமே பொருத்தமான பெயர்கள்தான். எதிரி நாட்டு ராணுவ முகாமில் ஒரு லாரி இடம் மாறி நின்றால்கூட, வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவான். சாப்பிட உட்கார்ந்தால், கைக்கு எதிரே இருக்கும் உப்பு ஜாடியைக் காணாமல் "அக்கா, உப்பு எங்கே?" என்று கத்துவான்.

என் பெண்டாட்டியின் தம்பி அவன். கல்யாணம் ஆகவில்லை, எங்கள் மாடி அறையில் இருக்கிறான். நான் டவுன் பஸ் ஓட்டுகிறவன், என் வேலையில் ரகசியம் ஒன்றும் கிடையாது. அவன் வேலை பரம ரகசியம். "மாமா, வெளியில மூச்சு விடக்கூடாது" என்று ஆரம்பிப்பான், சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிடுவான்.

அந்தப் பக்கம் புதிதாக என்ன முளைத்திருக்கிறது என்று படத்தில் பார்த்து எழுத வேண்டும். எழுதியதை நாடாளுமன்றத்தின் கண்காணிப்புக் குழு முன்னால் போய்ச் சொல்ல வேண்டும். குழுவுக்கு ஒரே கொள்கைதான். அவர்களிடம் எது இருக்கிறதோ, அது நம்மிடம் ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும். எதற்கு என்று கேட்டால் தேசத்துரோகி.

எங்கள் கொல்லைச் சுவருக்கு அந்தப்புறம் நம் ராணுவ முகாம். அங்கே ஓர் அதிகாரியின் கார் வெயிலில் கிடக்கிறதே என்று தகரத்தில் ஒரு கொட்டகை போட்டார்கள். உள்ளே கார்தான் நின்றது, நானே சுவர் மேல் ஏறிப் பார்த்தேன். அதை வானத்திலிருந்து பார்த்த எதிரி என்ன நினைத்தானோ, அவன் முகாமில் இரண்டு கொட்டகை எழும்பின. மச்சான் எழுதினான், இங்கே மூன்று வந்தன. அங்கே நான்கு. இப்படியே இரண்டு பக்கமும் தகரக் காடு. கார் என்னவோ இன்றைக்கும் ஒன்றுதான்.

"அவங்க கொட்டகைக்குள்ள என்னதான்டா இருக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தெரியலை மாமா. தெரியாததாலதான் பயமா இருக்கு."

போங்கடா நீங்களும் உங்கள் பயமும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் முகாமில் இடம் தீர்ந்துபோனது. ஒரு காலையில் நான்கு பேர் வந்து எங்கள் வாசல் சுவரில் சிவப்பு மையால் ஓர் எண்ணை எழுதினார்கள். அடுத்த கொட்டகைக்கு எங்கள் வீடு வேண்டுமாம். என் மாமனார் கட்டிய வீடு அது. அக்காவும் தம்பியும் பிறந்ததும் அதில்தான். என் பெண்டாட்டி அழவில்லை. மாடிக்குப் போய்த் தம்பியின் போர்வையை உருவினாள்.

"நீ எழுதின கொட்டகை என் அடுப்பு மேல வந்து உக்காந்திருக்குடா! எழுந்து பாரு!"

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை. அவன் பேயறைந்தவன் போல உட்கார்ந்திருந்தான். "நான் பார்த்ததைத்தான் எழுதினேன் அக்கா."

"பார்த்தது எல்லாத்தையும் எழுதினியா?"

அவன் மெல்லச் சொன்னான். அந்தப் பக்கத்து முகாமிலும் கொட்டகைகளுக்கு நடுவே ஒரு சின்ன வீடு இருக்கிறதாம். பின்னால் ஒரு கயிறு, அதில் தினமும் துணி காயுமாம். வீடு ராணுவ விஷயம் இல்லையே என்று இத்தனை வருஷமும் விட்டுவிட்டானாம்.

"பொய் எதுவும் சொல்ல வேண்டாம். அந்த வீடும் இருக்குன்னு குழுவுல சொல்லு, போ" என்றாள் அவள்.

குழுவில் நடந்ததை அவன் எங்கள் கூடத்தில் நடித்தே காட்டினான். படத்தைப் பார்த்ததும் தலைவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாராம்.

"முகாமுக்கு நடுவுல வீடா? கயிறுல என்ன அது?"

"துணிங்க ஐயா."

"எந்த மாதிரித் துணி?"

"ஈரத் துணிங்க."

தூங்கிக்கொண்டிருந்த உறுப்பினர் ஒருவர் விழித்துக்கொண்டார். "நம்மகிட்ட இந்த மாதிரி வீடு இருக்கா?"

"ஒண்ணு இருக்குங்க. அடுத்த வாரம் இடிக்கிறாங்க."

"எவன்யா இடிக்கச் சொன்னது?"

"நீங்கதாங்க."

வீடு பிழைத்தது. ஆனால் என்ன பிழைப்பு! வாசலில் துப்பாக்கியோடு ஒரு காவலாள். எதிரியிடம் ஒரு கயிறு என்பதால் எங்களுக்கு இரண்டு. தினமும் காலையில் ஓர் அதிகாரி வந்து துணியைத் தொட்டு ஈரம் பார்ப்பார். "மழை பெய்யுதே" என்றால், "எதிரி மழை பாத்துட்டா உளவு பாக்கறான்?" என்பார். துவைத்த துணியையே திரும்பத் துவைத்தாள் என் பெண்டாட்டி. என் காக்கிச் சட்டைகள் காய்ந்ததைப் பார்த்து அந்தப் பக்கம் மூன்று கயிறு கட்டி, கயிறு முழுக்கக் காக்கியாகத் தொங்கவிட்டார்கள். எங்களுக்கு நான்கு கயிறு ஆனது.

"அந்த வீட்டுக்காரி யாரு பெத்த பொண்ணோ, அவளும் என்னை மாதிரி அரசாங்கத்தைத் திட்டிக்கிட்டேதான் துவைப்பா" என்பாள் இவள். மச்சான் வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் கேள்வி, "இன்னிக்கு கயிறுல என்ன போட்டிருக்கா?" போர்வை என்பான், தலையணை உறை என்பான். ஒருநாள் உள்ளங்கையை விரித்து, "இத்தனூண்டு சட்டை" என்றான். அன்றைக்கு இவள் திட்டவேயில்லை. குழந்தை பிறந்திருக்கிறது என்று எனக்கே பெருமையாகச் சொன்னாள், ஏதோ சொந்தத் தங்கைக்குப் பிறந்தது மாதிரி.

பிறகு இவளுக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டாள். ஈரம் பார்க்கும் அதிகாரி விடுப்பில் போயிருந்தார். காவலாளைக் கேட்டால், "என் வேலை காவல், துவைக்கிறது இல்ல" என்றான். நான் விடிவதற்கு முன்பே பஸ் எடுக்கப் போகிறவன். கயிறு நான்கும் காலியாகக் கிடந்தன.

அந்த வாரம் மச்சான் வந்து சாப்பிட உட்காரவில்லை. "அக்கா, அந்தப் பக்கம் கயிறு எல்லாம் காலி. அந்த வீட்டு வாசல்ல இடிக்கிற வண்டி நிக்குது. நம்ம கயிறு காலியா இருந்ததை அங்க என்னை மாதிரி ஒருத்தன் பாத்து, வீடு காலின்னு எழுதிட்டான்."

அந்த வீடு போனால் குழு எங்கள் வீட்டை ஒரு நாள்கூட விட்டுவைக்காது. இவளோ காய்ச்சலோடு எழுந்து நின்றாள்.

"பீரோவைத் திறங்க."

"படுடி, விழுந்துடப் போற! நம்ம வீட்டுக்கு வழி நான் யோசிக்கிறேன்."

"நம்ம வீட்டை விடுங்க. அவ கைக்குழந்தையைத் தூக்கிக்கிட்டு எங்க போவா?"

நான் பீரோவைத் திறந்தேன். போர்வைகள், படுக்கை விரிப்புகள், என் காக்கிகள் அத்தனையும் நனைந்தன. மச்சான் குழு முன்னால் போட்டுக்கொள்ளும் கோட்டையும் தொங்கவிட்டான். காவலாளின் சட்டையைக்கூட அவள் கழற்றச் சொன்னாள். அவன் தயங்கினான், அவள் முகத்தைப் பார்த்தான், கழற்றிக் கொடுத்துவிட்டுப் பனியனோடு காவல் நின்றான். கயிறு போதாமல் மரத்திலும் சுவரிலும் விரித்தோம். வானத்தை அண்ணாந்து பார்த்து, "நல்லாப் பாருடா!" என்று கத்தினாள்.

அடுத்த படம் வருவதற்குள் எங்களுக்குச் சோறு இறங்கவில்லை. வந்த அன்று மச்சான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"வண்டி போயிடுச்சு அக்கா."

"கயிறுல?"

"எல்லாமே இருக்கு. வீட்டுல இருக்கற எல்லாத்தையும் போட்டுட்டாங்க. ஜன்னல் திரையைக்கூட." அவன் உள்ளங்கையை விரித்துக் காட்டினான். "ஓரத்துல இத்தனூண்டு சட்டையும் இருக்கு."

இவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

குழு அவசரமாகக் கூடியது. ஜன்னல் திரைகளில் நாம் பின்தங்கிவிட்டோம் என்று ஆழ்ந்த கவலை தெரிவித்தது. அதிகாரி வந்து அதை வாசித்துக் காட்டினார். என் பெண்டாட்டி ஒரு வார்த்தை திட்டாமல் ஜன்னல் ஜன்னலாகத் திரைகளைக் கழற்றி ஊறப் போட்டாள்.