மேனேஜர் கதை சொன்ன இங்கிலீஷ் படம்

அந்தப் படத்தின் பெயர் எனக்கு இன்று வரை தெரியாது. கேசட்டின் மேல் ஒட்டியிருந்த சீட்டை யாரோ கிழித்திருந்தார்கள். பார்த்ததும் பாதிப் படம்தான். ஆனால் எந்தப் படம் பார்க்கும்போது உன் நெஞ்சு அதிகமாக அடித்துக்கொண்டது என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் அதைத்தான் சொல்வேன்.

1991. எனக்கு இருபது வயது. ஒரகடம் போகும் சாலையில், ஸ்கூட்டர்களுக்கு ரப்பர் வளையம் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் ட்ரெய்னி. பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் தெருவிலிருந்து ஷூ போட்டுக்கொண்டு வேலைக்குப் போன முதல் பெண் என்று எனக்கு நானே பட்டம் கொடுத்துக்கொண்டிருந்தேன். யாரும் மறுக்கவில்லை. அந்த ஷூவைக் கழற்றும்படி ஆகிவிடக் கூடாது என்பதுதான் அப்போது என் ஒரே கவலை. வீட்டில் கறாராகச் சொல்லியிருந்தார்கள்: "பர்மனென்ட் பண்ணாங்கன்னா வேலைக்குப் போ. இல்லாங்காட்டி தையில கல்யாணம்." மாப்பிள்ளைகூடத் தயார். அவரை நான் பார்த்ததில்லை, பார்க்கும் ஆசையும் இல்லை. அம்மா வல்லக்கோட்டை முருகனுக்கு வேண்டிக்கொண்டாள். வேலைக்கா கல்யாணத்துக்கா என்று கேட்டேன். "ரெண்டுத்துக்கும்தான்" என்றாள்.

இன்ஸ்பெக்‌ஷன் மேஜையில் என்னோடு இன்னொரு ட்ரெய்னி இருந்தாள். மணிமங்கலத்துக்காரி. அப்பா இல்லை, தம்பிகள் இரண்டு பேரின் படிப்பும் அவள் தலையில். ட்யூப் லைட்டுக்குக் கீழே எதிரும் புதிருமாக உட்கார்ந்து, வளையங்களை விரலில் உருட்டி, விரிசல் விட்டதைச் சிவப்பு டப்பாவில் போடுவது எங்கள் வேலை. அவள் கண்ணை மூடிக்கொண்டே விரிசலைக் கண்டுபிடிப்பாள். அப்படி ஒரு விரல் அவளுக்கு. முதல் மூன்று மாதம் என் டிபன் பாக்ஸில் அவள் கை, அவள் டிபன் பாக்ஸில் என் கை. சிரித்தே வயிறு புண்ணாகும்.

அதில் மண் விழுந்தது எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜரால். மெல்லிய குரல், இஸ்திரி கலையாத சட்டை. அவர் யாரையும் திட்டி நான் கேட்டதே இல்லை. திட்டுகிறவர் என்றால் நாம் கொஞ்சம் உஷாராக இருப்போம். இவர் மேல் எனக்கு மரியாதை இருந்தது, அதுதான் வினை. ஒருநாள் அவள் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து என் மேஜை ஓரத்தில் வந்து உட்கார்ந்தார்.

"உன்கிட்ட மட்டும்தாம்மா என்னால உண்மையைப் பேச முடியுது. இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும்" என்றார். "ஒரே ஒரு போஸ்ட்தான் வந்திருக்கு. நீங்க ரெண்டு பேர். அந்தப் பொண்ணு உன்னைப் பத்தி என்னென்னமோ சொல்லுது. நான் நம்பல. அவ பண்ற தப்பையெல்லாம் ஒரு சீட்டுல எழுதிக் குடு. மத்ததை நான் பாத்துக்கறேன்."

எழுதிக் கொடுத்தேன். ஒன்றல்ல, மூன்று சீட்டு. நல்ல வளையத்தையும் சிவப்பு டப்பாவில் போடுகிறாள், சாப்பாடு முடிந்து தாமதமாக வருகிறாள், வேலை நேரத்தில் பேச்சு அதிகம். அந்தப் பேச்செல்லாம் என்னோடு பேசியதுதான் என்பதை மட்டும் எழுதவில்லை. ஒவ்வொன்றையும் நாலாக மடித்து, குண்டூசி குத்திக் கொடுத்தேன். முதல் சீட்டு எழுதிய அன்று கக்கூஸில் போய் அழுதேன், இரண்டாவதற்கு அழவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேல் கோபம் வருகிறது. நான் தனியாகச் சாப்பிட ஆரம்பித்தேன். அவளும் தனியாகச் சாப்பிட ஆரம்பித்தாள். பார்த்தாயா, குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று நான் அவளைத்தான் நினைத்தேன். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். எங்கள் ஊர் என்பது ஒரு மேஜை.

இந்த நிலையில் ஆயுத பூஜை வந்தது. பிரஸ் மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டினோம். முதலாளி வந்தார், பூசணிக்காய் உடைந்தது, முதலாளி போனார். அப்புறம்தான் எங்களுக்கு உண்மையான பூஜை. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வாடகைக்கு டிவியும் டெக்கும் வந்திருந்தன. கேண்டீன் ஷெட்டில் பாய் விரித்து, பொரிகடலைப் பொட்டலத்தோடு இடம் பிடித்து உட்கார்ந்தோம். தமிழ்ப் படம். சண்டை சூடு பிடிக்கிற நேரம், கேசட் டெக்குக்குள் சிக்கிக்கொண்டது. எலக்ட்ரீஷியன் டேப்பை வெளியே இழுக்க இழுக்க அது வந்துகொண்டே இருந்தது.

"இன்னாப்பா இது, புள்ளைங்க ஆசையா குந்திகினு கீதுங்க. வேற எதுனா போடு" என்று கேண்டீன் அக்கா குரல் கொடுத்தாள். அவளுக்கு மேனேஜரும் ஒன்றுதான், எலக்ட்ரீஷியனும் ஒன்றுதான்.

மேனேஜர் சிரித்துக்கொண்டே தன் அறைக்குப் போய் ஒரு கேசட்டோடு வந்தார். "இது இங்கிலீஷ் படம். உங்க யாருக்கும் புரியாது. பரவாயில்ல, நான் கதை சொல்றேன்" என்று டிவிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அந்த நாளில் அது வழக்கம்தான். இங்கிலீஷ் கேசட் போட்டால், தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்து தமிழில் சொல்லிக்கொண்டே வருவார்.

எனக்குப் புரியும். நான் படித்த கான்வென்ட்டில், வகுப்பில் ஒரு தமிழ் வார்த்தை பேசினால் மைதானத்தை ஒரு சுற்று ஓடவேண்டும். நானோ வாயாடி. பேசாமல் இருக்க முடியாது, ஓடவும் முடியாது. கால்வலிக்குப் பயந்து கற்ற இங்கிலீஷ் எனக்கு. வேலைக்குப் போட்ட விண்ணப்பத்திலும் அதை எழுதியிருந்தேன். அவர் படிக்கவில்லை என்றால் நான் என்ன செய்வது? பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருட்டு.

படத்தில் ஒரு பெரிய ஆபீஸ். கண்ணாடிச் சுவர், டை கட்டிய ஆண்கள். அதில் ஓர் ஆபீசர், பார்க்க ராஜா மாதிரி. புதிதாகச் சேர்ந்த டைப்பிஸ்ட் பெண் ஒருத்தி, யார் பேசினாலும் தலையைக் குனிந்துகொள்பவள். "இவர் ரொம்ப நல்லவர். அந்தப் பொண்ணு மேல இவருக்கு ஒரு இரக்கம்" என்று மேனேஜர் கதை சொன்னார். ஷெட்டே உச்சுக் கொட்டியது.

படத்தில் அந்த ஆபீசர் வந்து டைப்பிஸ்ட்டின் மேஜை ஓரத்தில் உட்கார்ந்தார். அவர் வாயைத் திறக்கும் முன்பே எங்கள் மேனேஜர் தமிழில் சொல்லிவிட்டார்: "உன்கிட்ட மட்டும்தான் என்னால உண்மையைப் பேச முடியுது. இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும்." அதற்கப்புறம்தான் ஆபீசர் இங்கிலீஷில் அதைச் சொன்னார். வார்த்தைக்கு வார்த்தை அதே.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது. இந்த மனிதர் இந்தப் படத்தை எத்தனை முறை பார்த்திருக்க வேண்டும்! பார்த்து, மனப்பாடம் செய்து, தமிழாக்கி, என் மேஜைக்குக் கொண்டுவந்திருக்கிறார். அதே நொடியில், இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்த மணிமங்கலத்துக்காரி வெடுக்கென்று திரும்பினாள். டிவியைப் பார்க்காமல் என்னையே பார்த்தாள். ஒரு மாதத்துக்கு மேல் நாங்கள் முகம் பார்த்துக்கொண்டதில்லை. 'உனக்குமா?' என்று அவள் புருவம் கேட்டது. நான் தலையை ஆட்டினேன்.

படத்தில் ஆபீசர் வெளியே போனார். வராந்தாவில் அவருடைய கூட்டாளி காத்திருந்தான். இரண்டு பேரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். "தன் மனசுல இருக்கற காதலை நண்பன்கிட்ட சொல்லி உருகறார்" என்றார் மேனேஜர்.

"அவரு அப்டி சொல்லல" என்றேன். அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

"என்னம்மா?"

"ரெண்டே வாரத்துல அவள அழ வெச்சுக் காட்டறேன்றாரு சார். அப்புறம் எல்லாம் சும்மா வெளையாட்டுக்குன்னு சொல்லப் போறாராம். ரெண்டு பேரும் பந்தயம் கட்டிகினு கீறாங்க."

முதலில் வாயைத் திறந்தது கேண்டீன் அக்காதான். "அடிப்பாவி, உனுக்கு இங்கிலீஷ் தெரியுமா? எய்ந்து முன்னால வா. சத்தமா சொல்லு."

"அது ஏதோ அரைகுறையா சொல்லுது" என்று மேனேஜர் ஆரம்பித்தார்.

"நீ கொஞ்சம் கம்முனு இரு சார். இந்தப் பொண்ணு சொல்றது வெவரமா கீது."

போனேன். டிவிக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் நான். அந்தக் கால்மணி நேரம் நான் பறந்துகொண்டிருந்தேன்! அவர் ஒன்று சொல்வார், நான் ஒன்று சொல்வேன். முதலில் கூட்டம் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தது. அப்புறம் அவர் பக்கம் திரும்புவதையே விட்டுவிட்டது. அந்த ஆபீசர் டைப்பிஸ்ட்டுக்குப் பூ வாங்கிக் கொடுத்தபோது, பிரஸ் மிஷின் ஓட்டுகிற அண்ணன் ஒருவர் பாயிலிருந்து எழுந்து, "யம்மா, அவன நம்பாதம்மா!" என்று கத்தினார். அந்த வெள்ளைக்காரப் பெண்ணுக்குத் தமிழ் தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாள். மணிமங்கலத்துக்காரி எனக்குப் பக்கத்தில் வந்து நின்று, "இன்னா சொல்றான், இப்ப இன்னா சொல்றான்" என்று என் முழங்கையைப் பிடித்து உலுக்கிக்கொண்டே இருந்தாள்.

திடீரென்று டிவி அணைந்தது. மேனேஜர் கேசட்டை உருவிக் கையில் வைத்திருந்தார். "இதுக்கு மேல பெரியவங்க பாக்கற சீன். போதும்."

"நாங்கல்லாம் இன்னா, எல்கேஜியா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஷெட்டே சிரித்தது. அவர் சிரிக்காமல் போனதை அன்றுதான் பார்த்தேன்.

கேட்டுக்கு வெளியே, அவளும் நானும் எதிரெதிர் பஸ்ஸுக்குப் போகவேண்டியவர்கள். இரண்டு பேரும் போகவில்லை. சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். சொல்லாவிட்டால் நானும் அந்த வராந்தாவில் நின்று சிரித்தவர்களில் ஒருத்திதான்.

"உன்னப் பத்தி மூணு சீட்டு எழுதிக் குடுத்துட்டேன்டி" என்றேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பொரிப் பொட்டலத்தைப் பிரித்து ஒரு கை வாயில் போட்டுக்கொண்டாள். "நானு அஞ்சு" என்றாள்.

பஸ் வந்து நின்றதும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. ரோட்டோரத்தில் நின்று அப்படிச் சிரித்தோம். கண்ணில் தண்ணீர் வந்தது, அதில் பாதி அழுகைதான்.

லீவு முடிந்து வந்த அன்று, டீ நேரத்தில், இரண்டு பேரும் சேர்ந்து மேனேஜர் அறைக்குப் போனோம். ஷூவைக் கழற்ற வேண்டியதுதான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. தை மாதம் கண்ணில் தெரிந்தது. கதவைத் திறந்தே வைத்தோம். கேண்டீன் அக்கா டீ டம்ளர்களோடு வாசலில் வந்து, போகாமல் நின்றுகொண்டாள். அவளுக்குப் பின்னால் லைனில் வேலை செய்கிறவர்கள் மொத்தமும் நின்றார்கள்.

"எங்க சீட்டெல்லாம் திருப்பிக் குடுங்க சார்" என்றேன். "மூணும் அஞ்சும் எட்டு."

"என்ன சீட்டு?" என்றார்.

"நான் எழுதிக் குடுத்தனே சார்" என்றாள் அவள். "இவுளுக்குக் கை மெதுவு, வாய் ஜாஸ்தின்னு. அது."

வெளியே சிரிப்புச் சத்தம் கேட்டது. அவர் முகம் சிவந்து, மேஜை டிராயரைச் சடாரென்று இழுத்தார். எட்டுச் சீட்டுகளும் அங்கேதான் கிடந்தன. நான் குத்திய குண்டூசி குத்தியபடியே இருந்தது. அவள் பசை போட்டு ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது. ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. எங்களில் யார் என்ன தப்பு செய்கிறோம் என்று தெரிந்துகொள்ள அவருக்கு ஆசையே இருந்ததில்லை. நாங்கள் எழுதவேண்டும், அவ்வளவுதான். அதற்கு முன்னும் அதற்குப் பின்னும் எனக்கு யார் மேலும் அவ்வளவு ஆத்திரம் வந்ததில்லை.

சீட்டுகளுக்கு அடியில் அந்தக் கேசட் இருந்தது. கேசட்டுக்கு அடியில் நீளமாக இரண்டு கவர்கள். ஒன்றில் என் பெயர், ஒன்றில் அவள் பெயர். எனக்கு முன்னால் அவள் விரல் போய்விட்டது. இரண்டையும் உருவி எடுத்துவிட்டாள்.

"அது ஆபீஸ் பேப்பர்மா. இன்னும் ஒண்ணும் முடிவாகல. அது என்னன்னு நான் சொல்றேன், குடு" என்று அவர் எழுந்தார். குரல் திரும்பவும் மெல்லியதாகியிருந்தது.

"நீங்க சொல்ல வாணாம் சார்" என்றாள் அவள். கவரை என் கையில் வைத்தாள். "இவ சொல்லுவா."

பிரித்தேன். இங்கிலீஷில் டைப் அடித்து, கீழே முதலாளி கையெழுத்து. வாசல் பக்கம் திரும்பி, ஒவ்வொரு வரியையும் தமிழில் சொன்னேன். அவள் பர்மனென்ட். இரண்டாவது கவரைப் பிரித்தேன். நானும் பர்மனென்ட். அக்கா டீயை வைத்துவிட்டுக் கைதட்டினாள். அப்புறம்தான் மேலே இருந்த தேதி என் கண்ணில் பட்டது. இரண்டிலும் ஒரே தேதி. அவர் முதன்முதலாக என் மேஜை ஓரத்தில் வந்து உட்கார்ந்து ஒரே ஒரு போஸ்ட் என்று சொன்னாரே, அதற்கு முந்தைய வாரம். தேதியையும் சொன்னேன்.

கைதட்டல் நின்றது.

"தேதிய இன்னொரு தபா படி" என்றாள் அவள். "வெளிய பாத்து வாணாம். அவரப் பாத்துப் படி."

படித்தேன்.