குளிருக்குப் பொறுப்பேற்ற கதை

ஒன்பது நாளாகக் காலையில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று தெரிந்தால் சிரிப்பீர்கள். பிளாஸ்க் நிறையக் கொத்தமல்லித் தண்ணியோடு நுவரெலியா மேட்டில் ஏறி, ஒரு கணித மாஸ்டரின் மூக்கை நலம் விசாரித்துக்கொண்டிருந்தேன். எல்லாம் ஒரு விளம்பரம் எழுதிய வினை!

என் கூட்டாளி செல்வராஜும் நானும் ஒரே தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தின் அடுத்தடுத்த காம்பராவில் வளர்ந்தவர்கள். இப்போது அவன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சுவெட்டர் கடை வைத்திருக்கிறான். ஏப்ரல் சீசன் வரப்போகிறது. கொழும்புச் சனமெல்லாம் குளிரைப் பார்க்க மலையேறும். அந்த ஒரு மாத வியாபாரம்தான் அவனுக்கு வருசம் முழுக்கச் சோறு.

"மச்சான், நீ பத்திரிகையில எல்லாம் எழுதுற ஆளு. கடை போர்டுக்கு நச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுடா" என்றான்.

ஒரு பிளேன்டீ குடித்து முடிப்பதற்குள் எழுதிக் கொடுத்தேன்: 'எங்கள் சுவெட்டரைப் போட்டபின் குளிர் தொட்டால் நாங்கள் பொறுப்பு!'

செல்போன் கம்பனிக்காரர்கள் விளம்பரத்துக்கு அடியில் எறும்பு சைஸில் 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்று போடுகிறார்களே... ஏன் என்று யோசித்தேனா? எங்கே! என் வரியை நானே ரசித்துக்கொண்டிருந்தேன்.

வந்தார் சிவபாதம் மாஸ்டர். யாழ்ப்பாணத்திலிருந்து இங்குள்ள பாடசாலைக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவர். போர்டை இரண்டு முறை படித்துவிட்டு ஒரு சுவெட்டர் வாங்கினார். அந்த வாரமே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஹோர்ட்டன் சமவெளிக்குப் போனார். திரும்பும்போது பட்டிப்பொல ஸ்டேசனில் ரயில் இரண்டு மணிநேரம் லேட். பட்டிப்பொலயில் இரண்டு மணிநேரம்! அங்கே சுவர்கூட நடுங்கும். மாஸ்டருக்குத் தடிமன் பிடித்துக்கொண்டது; மூக்கொழுக்கு, ஓயாத தும்மல்.

வேறு யாராவது என்றால் கடைக்கு வந்து நாலு திட்டுத் திட்டியிருப்பார்கள். இவர் நேராக மத்தியஸ்த சபைக்குப் போய்விட்டார்! சண்டைகளைக் கோர்ட்டுக்குப் போகாமல் பேசித் தீர்க்கிற சபை அது. சனிக்கிழமைகளில் பள்ளிக்கூட ஹோலில் கூடும். வேலிச் சண்டை வந்திருக்கிறது, கோழிச் சண்டை வந்திருக்கிறது. மூக்கு விவகாரம் வந்தது இதுதான் முதல் தடவையாம்.

"உங்கட போர்டை நம்பித்தான் நான் அங்க நிண்டனான். பொறுப்பெண்டு எழுதினா பொறுப்பெடுக்க வேணும். ஏலாதெண்டா போர்டைக் கழட்டுங்கோ" என்றார் மாஸ்டர். கையில் ஒரு கொப்பி. எந்தெந்தத் திகதியில், எத்தனை மணிக்கு, எத்தனை தும்மல் என்று கோடு போட்டு அட்டவணை! கணித மாஸ்டர் இல்லையா?

செல்வராஜ் பதறிப்போனான். "ஐயா, சீசன் நேரத்துல கழட்டச் சொல்றீங்களே... அதைப் பார்த்துத்தாங்க சனமே உள்ள வருது!" அழுதுவிடுவான் போலிருந்தது. இணக்கம் வராவிட்டால் விசயம் கோர்ட்டுக்குப் போகும். கோர்ட், தவணை என்று அலைந்தால் சீசன் போச்சு. விளம்பரம் எழுதும்போது நாமெல்லாம் கவிஞர்கள். முறைப்பாடு வந்த பிறகுதான் எழுதியது ஒப்பந்தம் என்று தெரிகிறது.

சபைத் தலைவர் ஓய்வுபெற்ற சிங்களத் தபாலதிபர். மெதுவாக எழுந்து, மாஸ்டரின் சுவெட்டரை வாங்கித் தானே மாட்டிக்கொண்டார். ஹோலில் ஒரு ஜன்னலுக்கும் கண்ணாடி கிடையாது. ஐந்து நிமிடம் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தோம்.

"ஹரி சீதலய்!" என்றார். சரியான குளிராம். சபை தீர்ப்புச் சொல்லக்கூடாது, சமரசம்தான் செய்யலாம் என்பார்கள். இதைவிட வேறு என்ன தீர்ப்பு வேண்டும்?

கடைசியில் ஒரு வழியாக இணக்கம் வந்தது. போர்டு இருக்கலாம். ஆனால் மாஸ்டரின் தடிமன் தீரும்வரை, தினமும் காலையில் கடை அவருக்குக் கொத்தமல்லித் தண்ணி கொடுத்துப் பொறுப்பேற்க வேண்டும். செல்வராஜ் சந்தோசமாகக் கையெழுத்துப் போட்டான். போட்டுவிட்டு, கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல் என் பக்கம் கையை நீட்டினான்.

"எழுதினது இவருங்க. இவரே கொண்டு போய்க் குடுப்பாரு."

அடப்பாவி!

ஐந்தாம் நாளே மாஸ்டரின் மூக்கு சுத்தம். ஆனால் நான் கேட்டைத் திறந்ததும் 'ஸ்ர்ர்' என்று ஒரு இழுப்பு. "மாஸ்டர், சுகமாயிட்டீங்க போலயே?" என்றேன். "இண்டைக்கு விடிய ஒருக்காத் தும்மினனான்" என்று கொப்பியைக் காட்டினார். "நாளைக்கு இஞ்சி கொஞ்சம் கூடப் போட்டுக்கொண்டு வாங்கோ, என்ன?"

விசயம் டவுன் முழுக்கப் பரவிவிட்டது. எட்டாம் நாள் கடை வாசலில் கியூ. சுவெட்டர் வாங்கவா? இல்லை... எல்லோர் கையிலும் டம்ளர்! பஸ் கண்டக்டர், அரசாங்கக் கச்சேரி கிளார்க், வெற்றிலைக் கடைக்காரர்... அத்தனை பேரும் இவனிடம் சுவெட்டர் வாங்கியவர்கள், அத்தனை பேருக்கும் தடிமன். நுவரெலியாவில் தடிமன் இல்லாத மனிதன் யார்?

பத்தாம் நாள் எனக்கே வந்துவிட்டது. ஒன்பது நாள் பனியில் மேடேறினால் வராமல் இருக்குமா? அதுவும் செல்வராஜ் கடைச் சுவெட்டரைப் போட்டுக்கொண்டு! மூக்கைத் துடைத்தபடி கடைக்குள் நுழைந்தேன்.

"எனக்கும் தடிமன்டா. உன் போர்டுல இருக்கிறபடி பொறுப்பெடு!"

செல்வராஜ் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"எந்த போர்டு மச்சான்? நேத்தே கழட்டிட்டேனே!"