வாகை மரத்திடம் சொன்ன பெயர்

இது கட்டிவிட்ட கதை இல்லை. போன சித்திரையில், ஒரு சனிக்கிழமை, முக்கூடலில் நடந்தது. அதுவும் பட்டப்பகலில். பேய் என்றால் நடுராத்திரி வேண்டும், நாய் ஊளையிட வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் இதை நம்பமாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும். மாரிராஜுக்கு இன்றைக்கு வலது முழங்காலுக்குக் கீழே கால் இல்லை. அதை ஊரே பார்க்கிறது.

மாரிராஜ் உரக்கடை வைத்திருப்பவர். அப்பா காலமானதும் தங்கை பிரேமலதா வீட்டில் பங்கு கேட்டாள். புருஷனை இழந்தவள், பிள்ளையும் இல்லை, வேறு எங்கே போவாள்? கோர்ட்டும் பாதியைக் கொடுத்துவிட்டது. அன்றிலிருந்து மாரிராஜுக்கு அவளைக் கண்டாலே ஆகாது. வீட்டை இரண்டாகப் பிரித்து, புறவாசல் நடுவில் ஆள் உயரத்துக்கும் மேல் மதில் எழுப்பினார். கடைசியில் இருந்த கிணறு மட்டும் பொது. அந்த இடத்தில் மதில் இல்லை. அவள் கிழக்குப் பாதியில் ஓடு போட்டு ஒரு அடுக்களை கட்டிக்கொண்டாள். இரண்டு வருடமாக அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை.

மாரிராஜ் பக்கம், மதிலை ஒட்டி ஒரு வாகை மரம். இரண்டு பேர் சேர்ந்து கட்டிப் பிடித்தாலும் கை எட்டாது. வேர் மதிலைப் பிளக்கிறது, வெட்ட வேண்டும் என்று வெளியே சொன்னார். உள்ளே வைத்திருந்த கணக்கு வேறு. மரத்தைக் கிழக்கே சாய்த்து அவள் அடுக்களை மேலே போடுவது. 'கை தவறிப்போச்சு' என்று சொல்லிவிடுவது. இருக்கிற இடமும் போனால் பாதியை விற்றுவிட்டு ஓடிவிடுவாள் அல்லவா? அவள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில்தான் செய்யப்போகிறேன், நான் என்ன கொலைகாரனா என்று தன்னையே தேற்றிக்கொண்டார். இப்படித் தேற்றிக்கொள்கிறவர்களைத்தான் எனக்கு அதிகம் பயம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மரம் அறுக்கும் குற்றாலலிங்கம் வந்தார். மரத்தைச் சுற்றி நடந்து பார்த்தார்.

“மரம் அறுக்குதவனத் தேடாதுவே. அறுக்கச் சொன்னவனத்தான் தேடும். மொத வெட்டுக்கு உம்ம பேரச் சொல்லணும். மறுநாள் ஒரு கன்னு நட்டு, பச்சரிசி வச்சுக் கும்பிட்டீர்னா ஆறிப்போவும்.”

“எம் பேரு எதுக்கு அண்ணாச்சி? பிரேமலதா பேரச் சொல்லும்.”

“தங்கச்சி பேரையா? அந்தப் பிள்ளையா அறுக்கச் சொல்லுது?”

மாரிராஜ் சிரித்தார். குற்றாலலிங்கம் சிரிக்கவில்லை. கொண்டுவந்து வைத்த காப்பியைக்கூடத் தொடாமல் எழுந்தார்.

“பொய்ப்பேரு சொல்லி நான் அறுக்க மாட்டேன். நீரும் அறுக்காதீரும்.”

மாரிராஜுக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. இவன் இல்லாவிட்டால் மரம் விழாதா? வாடகைக்கு மரம் அறுக்கும் மிஷின் எடுத்தார். ராத்திரி செல்போனில் நாலு வீடியோ பார்த்தார். அவ்வளவுதான், வித்தை வந்துவிட்டது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு பிரேமலதா நீலச் சேலை கட்டிக்கொண்டு திருநெல்வேலி பஸ்ஸுக்குப் போவதைப் பார்த்தார். அங்கே ஒரு ஆபீசில் டைப் அடிக்கும் வேலை அவளுக்கு. பத்து நாற்பதுக்கு மிஷினைக் கிளப்பினார். மரத்தின் கிழக்குப் பக்கம் பல்லை வைத்தார். ஒரு வன்மம்... வேண்டுமென்றே உரக்கச் சொன்னார்.

“அறுக்கச் சொன்னது பிரேமலதா!”

மிஷின் சத்தத்துக்கும் அசையாமல் மேலே உட்கார்ந்திருந்த காக்கைகள் ஒரே நேரத்தில் எழுந்து பறந்தன.

உள்ளேயிருந்து அவர் பெண்சாதி முத்துராணி எட்டிப் பார்த்தாள். “என்ன பேச்சுங்க இது? கூடப்பொறந்தவ பேரச் சொல்லிக்கிட்டு...”

“நீ சோலியப் பாரு.”

பத்து ஐம்பத்திரண்டுக்குச் செல்போன் அடித்தது. பிரேமலதாவின் நம்பர். இரண்டு வருடம் கழித்து! யாரோ போட்டுக்கொடுத்திருக்கிறார்கள், சண்டைக்குக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தார். துண்டித்தார். மறுபடி அடித்தது. மறுபடி துண்டித்தார். நாலாவது தடவை செல்போனையே அணைத்துப் போட்டார்.

கிழக்கே மரம் வாய் பிளந்த மாதிரி வெட்டு விழுந்திருந்தது. வாய் வெட்டு இருக்கும் பக்கம்தான் மரம் சாயும். அன்று காலையில் வாங்கிய பச்சை நைலான் கயிற்றை, மரத்தில் ஏறி உச்சிக் கவட்டில் கட்டினார். பதினொன்றரைக்கு அதன் மறுமுனையை மதிலுக்கு அந்தப் பக்கம் வீசினார். கிணற்றுப் பக்கமாகச் சுற்றிப் போய், அவள் தென்னையில் இழுத்து விறைப்பாகக் கட்டிவிட்டு வந்தார். அவள் வீட்டுப் பின்கதவில் பூட்டு தொங்கியது. நன்றாகப் பார்த்தார்.

பன்னிரண்டு ஐந்து. மேற்குப் பக்கம் அறுக்க ஆரம்பித்தார். பாதி ஆழம் போனதும் மூச்சு வாங்க மிஷினை நிறுத்தினார். உச்சிவெயில். ஒரு இலை ஆடவில்லை.

மதிலுக்கு அந்தப் பக்கம் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

தண்ணீர் வாளியில் விழுந்தது. கொஞ்ச நேரம். பிறகு குழாயை மூடும் சத்தம்.

“யாரு அங்கன?”

நிமிர்ந்து பார்த்தார். விறைப்பாக நின்ற கயிறு தொய்ந்து தொங்கியது. அவர் போட்ட முடிச்சு அவ்வளவு லேசில் அவிழாது. யாரோ அவிழ்த்திருக்கிறார்கள்.

பிறகு கயிறு நகர்ந்தது.

மதிலின் மேல்விளிம்பில் உரசிக்கொண்டு... சர்... சர்... வடக்கே போனது. கிணறு இருக்கும் பக்கம். அந்தப் பக்கம் யாரோ கயிற்றைப் பிடித்துக்கொண்டு பைய நடந்து போகிற வேகம்.

மாரிராஜ் மிஷினைக் கீழே வைத்தார். மதில் முடிகிற இடத்தையே பார்த்தார்.

சர்... சர்...

நின்றது.

மதில் முனையிலிருந்து பிரேமலதா வந்தாள்.

அதே நீலச் சேலை. காலில் செருப்பு இல்லை. இரண்டு கையிலும் கயிற்றைச் சுற்றியிருந்தாள். உச்சிவெயிலில் எல்லோருக்கும் நிழல் காலடியில் கொஞ்சம் கிடக்கும். அவளுக்கு அதுவும் இல்லை.

அவரைத் தாண்டி நடந்தாள். ஐந்தடி தூரத்தில். அவர் வீட்டைப் பார்க்க, மேற்கே.

நின்றாள். திரும்பினாள்.

“எண்ணே... எம் பேரையா சொன்ன?”

அவர் ஒரு அடி பின்வாங்கினார்.

“நான் அறுக்கச் சொல்லலையே...”

இழுத்தாள்.

கிரீச்ச்...

மரம் மேலே அசைந்தது. கிழக்கே இல்லை. மேற்கே.

ஓடினார்.

பன்னிரண்டு பதினேழு.

அந்தச் சத்தம் ஆற்றங்கரை வரை கேட்டது என்கிறார்கள். வாகை மாரிராஜ் வீட்டின் பின்பாதியை அப்படியே நொறுக்கிக்கொண்டு விழுந்தது. ஒரு கிளைக்கு அடியில் அவர் கால். பிரேமலதாவின் அடுக்களையில் ஒரு ஓடுகூட உடையவில்லை. முத்துராணி அப்போது முன்வாசலில், தன் செல்போனைக் காதில் வைத்தபடி அழுதுகொண்டு நின்றாள். அதனால் பிழைத்தாள்.

மறுநாள் குற்றாலலிங்கம் வந்து அடிமரத்தைப் பார்த்தார். “வாய் வெட்டு கிழக்க இருக்கு. மரம் மேற்க கெடக்கு. இருவது ஆளு இழுத்தாலும் இப்படி வராதே...” என்றார். பிறகு அந்தப் பக்கமே அவர் வரவில்லை.

காலை எடுத்த பிறகு, ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள்தான் மாரிராஜுக்கு நினைவு தெளிந்தது. முதலில் தங்கையைத்தான் கேட்டார். அவள் எங்கே, அவள்தான் கயிற்றை இழுத்தாள், போலீசைக் கூப்பிடு என்று கத்தினார். முத்துராணி கதவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“பிரேமா போயிட்டா. சனிக்கிழம ஆபீசுல, டைப் அடிச்சிக்கிட்டு இருக்கும்போதே தல சாஞ்சிட்டு. பத்து நாப்பதுக்கு. ஒரு மாத்திர திங்காத பொம்பள. அவ செல்போன்ல இருந்து ஆபீஸ்காரங்கதான் உங்களக் கூப்பிட்டிருக்காங்க. நீங்க எடுக்கல. பெறகு எனக்குச் சொன்னாங்க.”

மாரிராஜ் கையை ஊன்றி எழுந்து உட்காரப் பார்த்தார்.

“நான்தான் குளிப்பாட்டினேன். யார்ட்டயும் சொல்லல. ரெண்டு உள்ளங்கையும் தோல் உரிஞ்சி கெடந்துச்சு. சதைக்குள்ள பச்சை நூலு... பச்சைப் பச்சையா. நானே நகத்தால ஒண்ணொண்ணா எடுத்தேன்.”

குரலை இன்னும் தாழ்த்தினாள்.

“அந்தக் கயித்த நீங்க எத்தன மணிக்குங்க கட்டினீங்க?”