ரப்பர் செருப்பும் எலெக்ட்ரிக் கிட்டாரும்

போன ஆடி மாதம் நடந்தது இது. புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் ஒரு மாடி போர்ஷனில் நானும் என் மனைவியும் வாடகைக்குக் குடியிருக்கிறோம். எனக்கு நாற்பத்தாறு வயது. எலெக்ட்ரிக் கிட்டார் வாங்க வேண்டும் என்ற ஆசை காலேஜில் படிக்கும்போதே வந்தது. வேலை, கல்யாணம், மகளின் படிப்பு என்று தள்ளிக்கொண்டே போனதில் கிட்டத்தட்ட மறந்தே போயிருந்தேன். மகள் கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போய் வீடு காலியானதும் ஆசை திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது.

நான் கத்தரிக்காய் வாங்கப் போனாலும் நாலு கடை ஏறி இறங்குகிறவன். கிட்டாருக்குச் சும்மா விடுவேனா? நான்கு மாதம் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். எந்த மரம், கம்பி எவ்வளவு கனம், சத்தம் வருகிற ஆம்ப்ளிஃபயர் எத்தனை வாட்ஸ் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தேன். “என்னப் பொண்ணு பாக்க வந்தப்பகூட இவ்ளோ விசாரிக்கலையே நீங்க” என்றாள் மனைவி. அவள் அப்போது துணி துவைக்கப் போய்க்கொண்டிருந்தாள். காலில் ரப்பர் செருப்பு. வீட்டுக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு வாஷிங் மெஷினில் துணி போடுகிற மகாராணியை இங்கேதான் பார்க்கிறேன் என்று நானும் பதிலுக்குக் கிண்டல் செய்தேன்.

கடைசியில் பழைய சாமான் விற்கும் இணையப் பக்கத்தில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. டவுனில் ஒரு வீடு. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். விற்பவள் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பெண். மேல்படிப்புக்கு பிரான்ஸ் போகப் போவதால் தன் கிட்டார்கள் இரண்டையும், ஆம்ப்ளிஃபயர்கள் இரண்டையும் விற்றுக்கொண்டிருந்தாள்.

நேரில் போய்ச் சிவப்புக் கிட்டாரையும் பெரிய ஆம்ப்ளிஃபயரையும் கை காட்டினேன். அவள் உடனே எடுத்துக் கொடுக்கவில்லை. நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு கிட்டாரையும் மாற்றி மாற்றி என் மடியில் வைத்தாள். சிவப்பு தோளை இழுத்தது. கம்பிகளை அழுத்தவே விரல் வலித்தது. நிறம் மங்கிய மற்றொன்று லேசாக இருந்தது, கம்பியும் சுலபமாக அமுங்கியது. ஆம்ப்ளிஃபயரில் பெரியதைத் தர மாட்டேன் என்றே சொல்லிவிட்டாள். “வீட்டுல வாசிக்க பத்து வாட்ஸே ஜாஸ்தி அங்கிள். அதை வாங்கிட்டுப் போனா சத்தத்தைக் கொறச்சு வெச்சே காலத்தை ஓட்டுவீங்க.” விலை அதிகமானதை விற்க மறுத்தவளை அன்றுதான் பார்த்தேன். நோட்டுப் புத்தகத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு, அவள் சொன்னதை வாங்கி வந்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மனைவி ஹாலைத் துடைத்துவிட்டு வாஷிங் மெஷினை ஓட விட்டிருந்தாள். நான் ஈரம் காயாத தரையில் வெறுங்காலோடு நின்று, ஆம்ப்ளிஃபயரைச் செருகி, கிட்டாரை அதில் இணைத்து, கம்பியில் கை வைத்தேன். சுர்ரென்று முழங்கை வரை இழுத்தது. கை தானாக உதறிக்கொண்டது. இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியவில்லை.

பயம் போனதும் கோபம் வந்தது. அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து, பழுதான சாமானைத் தலையில் கட்டிவிட்டாயே என்று கத்தினேன். அவள் திருப்பிக் கத்தவில்லை. “அங்கிள், மொதல்ல செவுத்துல சுவிட்ச நிறுத்துங்க. எதையும் தொடாதீங்க. சர்ச்சுல பூசை இப்பதான் முடிஞ்சுது, வந்துட்டே இருக்கேன்” என்றாள். அரை மணி நேரத்தில் ஸ்கூட்டியில் வந்து நின்றாள். கையில் ஒரு டெஸ்டர்.

பிளக் பாயின்டின் மேல் ஓட்டையில் டெஸ்டரை வைத்தாள். அது எர்த் கம்பிக்கான ஓட்டை, அங்கே டெஸ்டர் விளக்கு எரியவே கூடாதாம். பளிச்சென்று எரிந்தது. வீட்டில் வேறு என்ன ஓடுகிறது என்று கேட்டாள். வாஷிங் மெஷின் என்றேன். அதன் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் உருவச் சொன்னாள். டெஸ்டர் அணைந்துவிட்டது.

“இந்த மெஷின்ல யாருக்காவது ஷாக் அடிச்சிருக்கா?” என்று பொதுவாகத்தான் கேட்டாள்.

சமையல்கட்டு வாசலில் நின்றிருந்த என் மனைவி சொன்னாள்: “மூணு மாசமா அடிக்குதும்மா. இவருகிட்ட சொன்னா ஈரக் கையோட தொடாதேம்பாரு. அதான் செருப்பு போட்டுக்கினு தொடறேன்.”

அந்தப் பெண் என்னைப் பார்க்கவில்லை. பார்த்துத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, மெஷினை இனிமேல் தொடவே வேண்டாம், எலெக்ட்ரீஷியன் வந்து பார்க்கட்டும் என்று மட்டும் சொன்னாள். நான் போனில் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டபோது, “பரவால்ல அங்கிள், பயத்துல பேசினீங்க” என்று சிரித்துவிட்டுக் கிளம்பினாள்.

சாயங்காலம் எலெக்ட்ரீஷியன் வந்தார். கீழே எர்த் குழியில் கம்பி துருப்பிடித்து அறுந்து கிடந்தது. மெஷினில் கசிந்த கரண்ட் மண்ணுக்குள் இறங்க வழியில்லாமல் வீட்டு எர்த் கம்பி முழுக்கப் பரவி, ஆம்ப்ளிஃபயர் வழியாகக் கிட்டார் கம்பிக்கே வந்திருக்கிறது. கிட்டாரில் ஒரு குறையும் இல்லை. “அம்மா செருப்பு போட்டாங்களோ பொழச்சாங்களோ. ஈரத்துல வெறுங்காலோட நின்னுருந்தா, அவ்ளோதான் சார்” என்றார் அவர். நான் கீழ்ப்படியிலேயே உட்கார்ந்துகொண்டேன். மனைவிதான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் அன்றும் சண்டை போடவில்லை, அதற்குப் பிறகும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அந்தப் பெண் பிரான்ஸ் போய்விட்டாள். நான் இப்போது கிட்டாரில் நாலைந்து கார்டு பிடித்துத் தட்டுத்தடுமாறி வாசிக்கிறேன். எர்த் கம்பி மாற்றி, மெஷினையும் பழுது பார்த்தாகிவிட்டது. ஆனாலும் அந்த ரப்பர் செருப்பு மெஷின் பக்கத்திலேயேதான் கிடக்கிறது; மனைவிக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. என் கையில் ஒரே ஒரு முறை சுர்ரென்றதற்கு அரை மணி நேரத்தில் ஆளை வரவழைத்தவன் நான். அவள் மூன்று மாதம் செருப்பைப் போட்டுக்கொண்டு என் சட்டைகளைத் துவைத்தாள் என்பதை நினைத்தால் இன்றும் வெட்கமாகத்தான் இருக்கிறது.