லீவில் நின்ற பொலிஸ்காரர் கையை நீட்டினார்

அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் மச்சாளோடு இன்று வெள்ளவத்தையில் சேலை எடுக்கப் போனேன்.

வழியெல்லாம் அவளுக்கு ஒரே புளுகம், சந்தோஷம் தாங்கவில்லை. பொலிஸ்காரர் வேலை முடிந்த நேரத்தில் குடிவரவு அதிகாரிகளுக்காக வீடு வீடாக ஆள் பிடிக்கப் போவதை, அவள் இருக்கும் மாநிலத்தில் சட்டம் போட்டுத் தடுக்கப்போகிறார்களாம்.

"என்ரை மனுசனுக்கு இன்னும் பேப்பர் சரிவரேல்லை தானே. பகல்லை ரோட்டிலை சிரிக்கிற பொலிஸ் பின்னேரம் வந்து கதவைத் தட்டுமோ எண்டு இனிப் பயமில்லை," என்றாள்.

மழை பிடித்துக்கொண்டது. ஒரே குடைக்குள் இரண்டு பேரும் கடை வாசலுக்கு ஓடினோம். அங்கே நின்றவரைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் சந்தியில் நிற்கும் சிங்களப் பொலிஸ்காரர்! சீருடை இல்லை, பூப்போட்ட சேர்ட். எங்களைக் கண்டதும் கையை நீட்டினார்.

நான் அடையாள அட்டையை நீட்டினேன். மச்சாள் பாஸ்போர்ட்டை நீட்டினாள். இரண்டு பேரும் ஒரே நொடியில்.

மனிதர் திகைத்து நின்றார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஐயோ அக்கா, இன்னைக்கு லீவு. இது வைஃபோட அண்ணன் கடை. குடையைத் தாங்க, உள்ளுக்குத் தண்ணி வடியுது!"

குடையைக் கொடுத்தோம். கடைசியில் சேலைக்கு விலைக் கழிவும் அவரே சொல்லி வாங்கித் தந்தார்.

அங்கே பொலிஸின் ஓவர்டைமைச் சட்டம் நிறுத்திவிடும். சண்டை முடிந்தும் சோதனைச் சாவடியை மறக்காத எங்கள் கைகளின் ஓவர்டைமை யார் நிறுத்துவது?

இதே பழக்கம் உள்ளவர்கள் கீழே கை தூக்குங்கள். அட்டை காட்டத் தேவையில்லை.