நபவிய்யாவின் நாலு கரண்டி

இருபத்தாறு வருடங்களாக இன்ஷிரா எழுதும் கோப்புகளை டாக்டர் ஷவ்கி "நாவல்" என்றுதான் கிண்டல் செய்வார். நைல் நதி கடலில் கலக்கும் அந்த மீனவ ஊரின் மருத்துவமனையில் அவள் சமூகப் பணியாளர். யாரைப் பற்றி எழுதினாலும் தாளை மூன்று கட்டமாகப் பிரித்துக்கொள்வாள்: உடம்பு, மனசு, சுற்றம். மூன்றும் நிரம்பாமல் கையெழுத்துப் போட மாட்டாள். அப்படி ஒரு பிடிவாதக்காரி.

அந்த வாரம் நபவிய்யாவின் கோப்பு வந்தது. வலை பின்னுகிறவள், ஐம்பது வயது. சர்க்கரை நோய், கால் விரலில் ஆறாத புண். ஊசியை ஒழுங்காகப் போட்டுக்கொண்டாலும் நாளைக்கு எட்டுக் கோப்பை காபி, ஒவ்வொன்றிலும் நாலு கரண்டிச் சர்க்கரை. "ஒத்துழைக்காதவர்" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார் ஷவ்கி.

"மூணு வாரம் பாப்பேன். சர்க்கரை எறங்கலேன்னா பாதத்தை எடுத்துர வேண்டியதுதான்" என்றார்.

இன்ஷிரா வீட்டுக்கே போனாள். காபி போட எழுந்தவளிடம், வழிகாட்டுகிற நினைப்பில், "எனக்குச் சர்க்கரை வேணாம் அக்கா. நீங்களும் அப்படியே குடிச்சுப் பழகுங்க" என்று சொல்லிவைத்தாள்.

நபவிய்யாவின் முகம் வெளிறியது. "யாரு செத்துட்டாங்கன்னு என் வீட்டுல வெறுங்காபி கேக்குற? எந்திரி! வெளிய போ!"

தெருவுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. சர்க்கரை போடாத வெறுங்காபி துக்க வீட்டில் கொடுப்பது. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு அது தெரியாதா? உடம்பு என்ற முதல் கட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டு போனதில் புத்தி மழுங்கிவிட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாள் போய் வாசலிலேயே நின்றாள். "தப்புப் பண்ணிட்டேன் அக்கா, மன்னிச்சிருங்க." கதவருகே ஒரு ஜோடி ஆண் செருப்பு, தூசி துடைத்து வைக்கப்பட்டிருந்தது. "இது யாரோடது?"

"எங்க வீட்டுக்காரரோடது. அபுல் மாத்தி. கடலுக்குப் போயி பதினாலு மாசமாச்சு. படகும் வரல, ஆளும் வரல. நாப்பதாம் நாளு பக்கத்து வீட்டுக்காரிங்க வெறுங்காபித் தட்டோட வந்தாளுங்க. தட்டோட வெரட்டிட்டேன். அன்னியிலேர்ந்துதான் நாலு கரண்டி. ஒரு கரண்டி கொறைச்சாலும் அவரக் கொன்ன மாதிரி, தங்கச்சி."

அழுதாள். இன்ஷிராவும் அழுதாள். மூன்று கட்டங்களும் ஒரே கோப்பையில் கிடந்தன.

"கரைக்கு வந்ததும் அவரு காபிதான் கேப்பாரா?"

"ஐயே! சோம்பு கொதிக்க வெச்ச தண்ணி. சர்க்கரை போட்டா திட்டுவாரு. காபி விருந்தாளிக்குத்தான்."

"அப்ப அவரு வந்தா கேக்குறத அடுப்புல ஏத்துங்க. சோம்புத் தண்ணிய எழவு வீட்டுல எவளாவது குடுப்பாளா?"

நபவிய்யா யோசித்தாள். ஈரக் கண்ணோடு சிரித்தாள். "நீ பொல்லாதவடி!"

இன்ஷிரா அதோடு விடவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்களைப் பிடித்து நாலு வார்த்தை சொன்னாள். அடுத்த வாரம் அவர்களே சோம்புப் பொட்டலத்தோடு வந்து, நபவிய்யாவுடன் உட்கார்ந்து வலை பின்னினார்கள்.

மூன்றாவது வாரம் நபவிய்யா மருத்துவமனைப் படிகளைத் தன் இரண்டு காலாலும் ஏறி வந்தாள். சர்க்கரை இறங்கியிருந்தது, புண் காய்ந்திருந்தது. ஷவ்கி காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இன்ஷிரா தான் எழுதிய கோப்பை அவர் பக்கம் தள்ளினாள். "இப்பவாவது நாவலப் படிங்க, டாக்டர்."

ஒரு வரி விடாமல் படித்தார். சிவப்புப் பேனாவை எடுத்து, தான் எழுதியதைத் தானே அடித்தார்.

"இதுக்குப் பதிலா என்ன எழுதட்டும்?"

இன்ஷிரா வாயைத் திறப்பதற்குள் நபவிய்யா முந்திக்கொண்டாள். "அபுல் மாத்தியோட பொண்டாட்டின்னு எழுதுங்க. நடந்தே வந்தாள்னும் எழுதுங்க."