உறைமண்ணிலிருந்து ஒரு ‘வாங்க’

பேய்க் கதை என்றால் நடுராத்திரி, மல்லிகைப்பூ வாசனை, சலங்கைச் சத்தம் என்று எதிர்பார்ப்பவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம். இது பட்டப்பகலில் நடந்தது. ஒரத்தநாட்டுக்குத் தெற்கே எங்கள் ஊரில், போன ஆவணி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, பகல் ஒன்று நாற்பதுக்கு. நடந்தது எதிர்வீட்டு அறிவுமதிக்கு. அவன் கதை கட்டுகிற ஆள் இல்லை. கட்டுமளவுக்கு அவன் உடம்பில் தெம்பும் இல்லை. அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும், கிளம்பும்போது ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து போய்விடுகிறான். திமிர் பிடித்தவன் என்கிறார்கள். காரணம் எனக்குத் தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

அறிவுமதி போர்வெல் வண்டியில் வேலை பழகியவன். இரண்டு வருடத்துக்கு முன், கூட்டாளி பகலவனோடு ரஷ்யாவின் வடகோடிக்கு வேலைக்குப் போனான். அங்கேயும் பூமியைத் துளைக்கிற வேலைதான், ஆனால் தண்ணீருக்காக இல்லை. அந்தப் பக்கத்து மண் ஆயிரக்கணக்கான வருடங்களாக உறைந்து பாறையாகக் கிடந்தது. அந்த நம்பிக்கையில் வீடும் ரோடும் பள்ளிக்கூடமும் கட்டிவிட்டார்கள். இப்போது உறைமண் இளகுகிறது. வீடுகள் ஒரு பக்கமாகச் சாய்கின்றன. ரோடு திடீரென்று உள்வாங்குகிறது. மரங்கள் குடித்துவிட்டு நிற்பவர்களைப் போல ஆளுக்கொரு திசையில் நிற்கின்றன. சாய்கிற கட்டடத்துக்கு இன்னும் ஆழத்தில் தூண் இறக்க வேண்டும். துளை அதற்குத்தான்.

நேற்றுவரை காடாக இருந்த இடம் அமிழ்ந்து ஏரியாகிவிடுமாம். அந்த ஏரியில் ஓயாமல் குமிழி வரும். புளக்... புளக்... நம் வயல் சேற்றை மிதித்தால் கிளம்புமே, அதே வாயு. சதுப்பில் அது பற்றி எரிந்ததைப் பார்த்துத்தான் கொள்ளிவாய்ப் பிசாசு என்று நம் ஆட்கள் ஓடினார்கள். உறைந்ததால் மக்காமல் கிடந்த இலைதழை இப்போதுதான் மக்குகிறது. அந்த வாயு மேலே போய் உலகத்தைச் சூடாக்குகிறது. சூடு ஏற ஏற இன்னும் மண் இளகுகிறது. “ஒண்ண ஒண்ணு தள்ளிக்கிட்டே போவுதுங்க. யார் நிறுத்துறது?” என்பான் அறிவுமதி. கேட்கிற நமக்கும் அலுத்துப்போகும்.

அங்கே ஒரு நாள் வேலை முடிகிற நேரம். இளகிய ஆற்றங்கரை சரிந்து, ஒரு பழைய இடுகாடு திறந்துகொண்டது. ஒரு பெண். வயதானவள். எத்தனை காலத்துக்கு முந்தையவளோ, கண்ணிமை மயிர்கூட உதிரவில்லை. ஊர்க்காரர்கள் வந்து எடுத்துப்போகும்வரை தார்ப்பாய் போட்டு மூடச் சொன்னார் ஃபோர்மேன். இவர்கள் இரண்டு பேரும் மூடினார்கள். அறிவுமதிக்கு மனசு கேட்கவில்லை. கைகூப்பி நின்றான். திரும்பும்போது பழக்கதோஷத்தில் வாயிலிருந்து வந்துவிட்டது.

“வர்றேங்க.”

எழவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக்கூடாது என்பது நம்மிடையே சின்னப்பிள்ளைக்கும் தெரியும். இவன் பிணத்திடமே சொல்லிவிட்டான். பகலவன் அத்தோடு விட்டிருக்கலாம். விளையாட்டுப்புத்தி. கிழவி மாதிரி குரலை மாற்றி, இழுத்து, அவளுக்காகப் பதில் சொன்னான்.

“வாங்...க.”

இரண்டு பேரும் சிரித்தார்கள்.

ஆடியில் அறிவுமதி ஒரு மாத லீவில் ஊர் வந்தான். இவன் திரும்பினால்தான் பகலவனுக்கு லீவு. பகலவன் கடைசியாக ஐப்பசியில் லீவில் வந்துபோனதோடு சரி; அவன் மனைவி நீலாம்பாளுக்கு அப்போதுதான் பெண் குழந்தை பிறந்திருந்தது. பகலவன் அதை போனில்தான் பார்த்திருந்தான். ஆனால் கிளம்பவேண்டிய நாளில் அறிவுமதி கட்டிலிலிருந்து எழவில்லை. முட்டி வீங்கிவிட்டது என்று போனில் சொன்னான். பொய். அசதி மட்டும் பொய்யில்லை.

“சரிடா, இன்னும் ஒரு மாசம் பல்லக் கடிச்சிக்கிறேன்” என்றான் பகலவன். “அதுக்கு மேல முடியாதுடா. நீ வந்தாத்தான் நான் புள்ளயத் தூக்க முடியும்.”

அந்த ஒரு மாதம் முடிய இரண்டு நாள் இருந்தபோது வந்தது அந்த வெள்ளிக்கிழமை. மனைவி செம்மொழி பள்ளிக்கூடத்தில் டீச்சர், போய்விட்டாள். வெளியே அனல். இவன் பனியனோடு கூடத்துத் தரையில் படுத்திருந்தான். போகத்தான் வேண்டும் என்று தெரியும். எழுந்திருக்க முடியவில்லை.

1.32. கரண்ட் போனது. ஃபேன் நின்றது. ஆனால் வியர்க்கவில்லை.

அதை அவன் தாமதமாகத்தான் கவனித்தான். முதுகுக்குக் கீழே தரை சில்லென்று இருந்தது. பக்கத்தில் செம்புத் தண்ணீர். காலையில் குழாயில் பிடித்தது. செம்பைச் சுற்றி முத்து முத்தாக வேர்த்திருந்தது.

1.36. ஒரு வாசனை. சேறு. பக்கத்து வயலில் சம்பாவுக்கு உழுகிறார்கள் என்று நினைத்தான். இல்லை... டிராக்டர் சத்தமே இல்லை. இது புளித்த வாசனை. பழசு. அவனுக்குத் தெரிந்த வாசனைதான்.

புளக்...

தரைக்கு அடியிலிருந்து.

புளக்... புளக்...

கொல்லையில் கோழிகள் சட்டென்று அடங்கின.

1.40. வாசல் கிரில் கதவுக்கு வெளியே ஒரு குரல்.

“வாங்...க.”

அதே இழுப்பு. பகலவன் விளையாடுகிறான், சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டான் என்று ஒரு நொடி சந்தோஷம் பொங்கியது. ‘வர்றேன்டா’ என்று சொல்ல வாயைத் திறந்தான்.

வாயிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது.

மூச்சுப்புகை. ஆவணி வெயிலில். ஒரத்தநாட்டில்.

கையால் வாயைப் பொத்திக்கொண்டான்.

“வாங்...க.”

இரண்டாவது தடவை. கொஞ்சம் கிட்டே. மனுஷன் என்றால் மூன்றாவது தடவையும் கூப்பிடுவான் என்பார்கள். காத்திருந்தான். பற்கள் அடித்துக்கொண்டன.

மூன்றாவது குரல் வரவில்லை.

1.44. ஃபேன் சுற்றியது. உடம்பெல்லாம் வியர்த்தது.

அரைமணி நேரம் கழித்துத்தான் கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டான். கிரில்லுக்கு வெளியே சிமெண்டில் ஈரம். நம் வயல் சேறு கறுப்பு. அது சாம்பல் நிறம். அதில் பாசி மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. நானே குனிந்து பார்த்தேன். செம்மொழி வருவதற்குள் வெயிலில் காய்ந்து, பெருக்கினால் தூசி.

அறிவுமதி பகலவனுக்கு போன் போட்டபடி இருந்தான். மணி அடித்தது. எடுக்கவில்லை.

5.20க்கு ஃபோர்மேன் கூப்பிட்டார். அரைகுறை ஆங்கிலம். அறிவுமதி ஸ்பீக்கரில் போட்டான். இளகிய கரை மறுபடி சரிந்துவிட்டது. பகலவன் அதோடு போய்விட்டான். எப்போது என்று கேட்டான் அறிவுமதி. அவர்கள் ஊர் நேரம் மாலை ஐந்து பத்து என்றார். இங்கே ஒன்று நாற்பது.

பக்கத்துத் தெருவில் நீலாம்பாளுக்கு இன்னும் தெரியாது.

ஃபோர்மேன் போனை வைக்கவில்லை. அவருக்கு ஒரு சந்தேகம். சரிவதற்குச் சற்று முன் பகலவன் மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பினானாம். யாரோ கூப்பிட்டதுபோல. அந்தத் தார்ப்பாய் போட்ட பள்ளத்தின் பக்கம். கிழவியை ஊர்க்காரர்கள் எடுத்துப்போய் இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அங்கே யாருமில்லை. பகலவன் மரியாதையாகத் தலையை ஆட்டி, ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அந்தப் பக்கமே நடந்தானாம். ரிப்போர்ட்டில் எழுத வேண்டும், அது யாருடைய பெயர் என்று கேட்டார். காதில் விழுந்தபடி எழுத்துக் கூட்டிச் சொன்னார்.

“வர்... ரெங்... கா.”

அறிவுமதி தெரியாது என்று சொல்லிவிட்டான்.